ஏட்டுத் தூரமும் வீதித் தூரமும்



மோட்டார் கார் வாங்கச் செல்பவர் முன்னாளில் விற்பனையாளரிடம் முதலிற் கேட்ட கேள்வி, "ஒரு லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும்?" என்பதாகும். இன்று மின்சாரக் கார் வாங்கச் செல்பவர் முதலிற் கேட்பது, "ஒரு முறை மின்னேற்றினால் எவ்வளவு தூரம் ஓடும்?" என்பதாகும். இரண்டும் ஒரே வகையான கேள்விகள் போலத் தோன்றும். ஆயினும் இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. பெற்றோல் காரின் கணக்கு சிறிது பிழைத்துவிட்டால் அடுத்த நிரப்பு நிலையத்தில் ஐந்து நிமிடம் நின்று பிரயாணத்தைத் தொடரலாம். மின்சாரக் காரின் கணக்குப் பிழைத்தாலோ, மணிக்கணக்காக வழியில் நிற்க நேரும். ஆகவே விற்பனைத் தாளில் அச்சிட்டிருக்கும் அந்தத் தூரம் எங்கிருந்து வந்தது, அதை எவ்வளவுக்கு நம்பலாம் என்பதை இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகின்றேன்.

முதலில் எனது நண்பர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்லுகின்றேன். அவர் கொழும்பில் ஆசிரியராகப் பணியாற்றுபவர். சேமித்த பணத்தோடு மனைவியின் நகைகள் சிலவற்றையும் ஈடு வைத்து, பாவித்த சிறிய மின்சாரக் கார் ஒன்றை வாங்கினார். "மாஸ்டர், ஒரு முறை மின்னேற்றினால் 150 கிலோமீற்றர் தாராளமாக ஓடும்" என்று விற்றவர் கூறினார். வீட்டிலிருந்து பாடசாலைக்கும், பாடசாலையிலிருந்து கடைத்தெருவுக்குமாக இரண்டு மாதம் ஓடிற்று. ஒரு குறையும் தென்படவில்லை. அப்பொழுது கண்டியில் உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்று வந்தது. கொழும்பிலிருந்து கண்டி ஏறக்குறைய 115 கிலோமீற்றர். 150 ஓடும் காருக்கு 115 என்ன பெரிய தூரம் என்று எண்ணி, தாயார், மனைவி, இரு பிள்ளைகள், பெட்டிகள், பட்சணப் பாத்திரங்கள் யாவற்றையும் ஏற்றிக்கொண்டு விடியற்காலை 5 மணிக்குப் புறப்பட்டார்.

கேகாலையை அடைந்தபொழுதே முள் கீழே இறங்கிவிட்டது. மாவனெல்லையில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. முன்னே கடுகண்ணாவைக் கணவாய் நிற்கின்றது. வேறு வழியின்றித் தேநீர்க் கடை ஒன்றின் முன்னே காரை நிறுத்தி, கடைக்காரரிடம் மின்சாரம் கேட்டார். அந்தப் பெரியவர் தயங்காமல் தமது கடையின் மின்துளையைக் காட்டிவிட்டு, "மாடென்றால் புல்லும் தண்ணீரும் வைத்து அரை மணி நேரம் ஆறவிட்டால் மலை ஏறிவிடும், இதற்கு எவ்வளவு நேரம் வேண்டும், மாஸ்டர்?" என்று கேட்டாராம். மூன்று மணி நேரம் வேண்டியிருந்தது. குடும்பத்தாரை வாடகை வான் ஒன்றில் முன்னே அனுப்பிவிட்டு நண்பர் காருக்குக் காவலிருந்தார். கண்டியை அடைந்தபொழுது தாலி கட்டி முடிந்து, கடைசிப் பந்தியும் எழுந்துகொண்டிருந்தது.

இது சிரித்துவிட்டு மறந்துவிடக்கூடிய சம்பவந்தான். ஆனால் அன்று காரில் இருந்தவர் கல்யாணத்துக்குப் போகும் தாயாராக இல்லாமல், கண்டி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்படும் தாயாராக இருந்திருந்தால் யாது நேர்ந்திருக்கும்? அதனை எண்ணும்பொழுதுதான் இந்தக் கணக்கின் பாரம் விளங்குகின்றது. காரில் பழுதேதும் இருக்கவில்லை. விற்றவர் சொன்னதும் வெறும் கற்பனையன்று. வேறொரு நாட்டில், வேறொரு முறையில் அளந்த எண்ணை நமது வீதிக்கு உரியதாக அவர் சொன்னார். நண்பரும் அப்படியே ஏற்றுக்கொண்டார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம்மவர் சொல்லுவர். அந்தச் சுரைக்காயை ஏட்டில் எழுதும் முறையைச் சிறிது பார்ப்போம்.

புதிய காரொன்றின் தூரத்தை அளப்பவர்கள் அதனை உண்மையான வீதியில் நாள் முழுவதும் ஓட்டிப் பார்ப்பதில்லை. ஆய்வுகூடத்தில் பெரிய உருளைகளின் மேல் சக்கரங்களை நிறுத்தி, நின்ற இடத்திலேயே ஓட்டுகின்றார்கள். எந்த விநாடியில் எவ்வளவு வேகம், எப்பொழுது நிறுத்தம், எப்பொழுது மீண்டும் புறப்பாடு என்பதெல்லாம் முன்னரே வகுக்கப்பட்ட அட்டவணையில் உண்டு. அறையின் வெப்பநிலையும் குறிக்கப்பட்டதே. கார்களை ஒன்றோடொன்று நீதியாக ஒப்பிடுவதற்கு இது மிக நல்ல வழி. ஆனால் அந்த அட்டவணையை ஒவ்வொரு நாடும் தன் தன் வசதிக்கேற்ப வகுத்துக்கொண்டதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

ஓர் உதாரணம் கூறுகின்றேன். 2010 ஆம் ஆண்டின் இறுதியில் நிசான் லீப் என்னும் மின்சாரக் கார் விற்பனைக்கு வந்தது. அதன் பற்றரி 24 கிலோவாற்று மணி கொண்டது. அந்தக் காருக்கு ஜப்பானிய முறைப்படி கிடைத்த தூரம் 200 கிலோமீற்றர். அன்றைய ஐரோப்பிய முறைப்படி 175. அமெரிக்க முறைப்படி 117. கார் ஒன்றே, பற்றரியும் ஒன்றே. எனினும் மூன்று நாடுகளில் மூன்று தூரங்கள். ஜப்பானிய அட்டவணையின் சராசரி வேகம் மணிக்கு ஏறக்குறைய 24 கிலோமீற்றர். அதன் உச்ச வேகமும் 82 கிலோமீற்றரைத் தாண்டாது. டோக்கியோ நகர நெரிசலுக்கு அது பொருந்தலாம். அமெரிக்கர்களோ நகர ஓட்டத்தையும் நெடுஞ்சாலை ஓட்டத்தையும் தனித்தனியே அளந்து சேர்த்து, குளிரூட்டி, வேகம், குளிர் முதலியவற்றின் பொருட்டு ஆய்வுகூட எண்ணிலிருந்து பொதுவாகப் பத்தில் மூன்று பங்கைக் கழித்துவிடுகின்றார்கள். அதனாலேயே அவர்களுடைய எண் மிகச் சிறியதாகவும், வீதிக்கு மிக நெருங்கியதாகவும் இருக்கின்றது. 2015 ஆம் ஆண்டளவில் இவ்வகைக் கார்கள் பல, பாவித்தவையாக ஜப்பானிலிருந்து நமது நாட்டுக்கு வந்தன. கார்களோடு ஜப்பானிய எண்களும் வந்து சேர்ந்தன.

அது பழைய கதை, இப்பொழுது அளவு முறைகள் சீர்பட்டுவிட்டன என்று நேயர்களிற் சிலர் எண்ணக்கூடும். ஓரளவுக்கு அது உண்மையே. ஐரோப்பாவில் 2017 ஆம் ஆண்டிலிருந்து டபிள்யூ.எல்.ரி.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் புதிய முறை நடைமுறைக்கு வந்தது. அதன் சராசரி வேகம் மணிக்கு 46 கிலோமீற்றருக்கு மேல். உச்ச வேகம் 131 கிலோமீற்றர். பழைய ஐரோப்பிய முறையை விட இது கண்டிப்பானது. ஆனால் பழைய முறையின் எண்களும் இன்னும் விற்பனைத் தாள்களில் உலவுகின்றன. சீனாவின் முறை வேறு. அதன் சராசரி வேகம் மணிக்கு 29 கிலோமீற்றர். உச்ச வேகம் 114. இந்தியாவின் முறை மற்றொன்று. அதன் உச்ச வேகம் 90 தான். நமது வீதிகளிலும் காணப்படும் பி.வை.டி. அட்டோ 3 என்னும் சீனக் காரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பற்றரி 60 கிலோவாற்று மணிக்குச் சிறிது கூடியது. இந்தியாவில் அதற்குச் சொல்லப்பட்ட தூரம் 521 கிலோமீற்றர். பழைய ஐரோப்பிய முறைப்படி 480. புதிய முறைப்படி 420. கூடிய எண்ணுக்கும் குறைந்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் 101 கிலோமீற்றர். கொழும்பிலிருந்து மாவனெல்லைக்குப் போய், அதற்கு மேலும் சிறிது தூரம் ஓடக்கூடிய வித்தியாசம் அது! ஆகவே விற்பனையாளர் ஓர் எண்ணைச் சொன்னவுடன் நாம் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி, "இது எந்த நாட்டு முறைப்படி?" என்பதேயாகும்.

இந்தக் குழப்பம் நமது காலத்துக்கு மாத்திரம் உரியதன்று. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் அமெரிக்காவில் டெட்றொயிற் எலெக்ட்ரிக் என்னும் மின்சாரக் கார் விற்பனையாயிற்று. மோட்டார் உற்பத்தியிற் பெரும் புகழ் பெற்ற ஹென்றி போர்ட்டின் மனைவியாரே அதனைப் பாவித்தார். அதற்கு விளம்பரஞ் செய்யப்பட்ட தூரம் 80 மைல். ஆனால் ஒரு பரீட்சையின்போது அது ஒரே மின்னேற்றலில் 211 மைல் ஓடிற்று. ஒரே வகைக் கார், ஓடும் விதத்துக்கேற்ப இரண்டரை மடங்கு தூரம் வேறுபடலாம் என்பதற்கு இது நல்ல சான்று. அன்றைய உற்பத்தியாளர் 211 என்று விளம்பரஞ் செய்யாமல் 80 என்று செய்தது கவனிக்கத்தக்கது.

இனி, ஓடும் விதத்தினால் தூரம் ஏன் இவ்வளவு மாறுகின்றது என்பதைப் பார்ப்போம். கிலோவாற்று மணி என்பது நமது மின்சாரப் பட்டியலில் வரும் ஓர் அலகே. 60 கிலோவாற்று மணிப் பற்றரி என்றால் 60 அலகு மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பாத்திரம் என்று கொள்ளலாம். ஒரு லீற்றர் பெற்றோலில் அடங்கியுள்ள சக்தி ஏறக்குறைய 9 அலகு. அந்தக் கணக்கின்படி, சில நூறு கிலோகிராம் நிறையுள்ள பெரிய பற்றரி சுமக்கும் சக்தி 7 லீற்றர் பெற்றோலுக்கும் குறைந்ததே! பெற்றோல் இயந்திரம் தனக்குக் கிடைத்த சக்தியிற் கால் பங்களவையே சக்கரத்துக்குக் கொடுத்து, மீதியை வெப்பமாக வீணாக்கிவிடும். மின்சார மோட்டாரோ ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பயன்படுத்தும். அந்தச் சிக்கனத்தினாலேயே 7 லீற்றருக்குச் சமமான சக்தியைக் கொண்டு 300, 400 கிலோமீற்றர் ஓட முடிகின்றது. ஆனால் சிறு வருமானத்திற் சிக்கனமாகக் குடும்பம் நடத்துபவருக்கு ஒவ்வொரு சிறு செலவும் தெரிவது போல, மின்சாரக் காருக்கும் ஒவ்வொரு சுமையும் தெரிகின்றது. பெற்றோல் காரில் நாம் கவனியாத செலவுகள் இங்கே கணக்கில் வந்து நிற்கின்றன. அவற்றுள் நான்கு முக்கியமானவை.

முதலாவது, வேகம். ஓடும் கார் காற்றைத் தள்ளிக்கொண்டு செல்ல வேண்டும். வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் காற்றுக்குச் செலுத்தும் சக்தியைப் போல நான்கு மடங்கை, 100 கிலோமீற்றர் வேகத்தில் செலுத்துகின்றோம். ஆகவே தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் முழு வேகத்துடன் காலிக்குச் செல்லும் கார், பழைய காலி வீதியில் நிதானமாகச் செல்லும் காரை விட விரைவாகப் பற்றரியைக் கரைத்துவிடும். பெற்றோல் கார் நெடுஞ்சாலையிற் சிக்கனமாகவும் நகரத்தில் ஊதாரியாகவும் ஓடும். மின்சாரக் கார் இதற்கு நேர்மாறானது. பழக்கத்தினால் நெடுஞ்சாலையிற் கூடுதலான தூரத்தை எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவது இதனாலேதான்.

இரண்டாவது, வெப்பமும் குளிரும். அமெரிக்க மோட்டார் வாகனச் சங்கம் 2019 ஆம் ஆண்டு சில மின்சாரக் கார்களைச் சோதித்து முடிவுகளை வெளியிட்டது. உறைநிலைக்குக் கீழே ஏறக்குறைய 7 பாகைக் குளிரில், காரினுள்ளே வெப்பமூட்டியையும் பாவித்தபொழுது, தூரம் சராசரியாக 41 வீதம் குறைந்தது. 35 பாகை வெப்பத்தில் குளிரூட்டியைப் பாவித்தபொழுது 17 வீதம் குறைந்தது. குளிரூட்டியை நிறுத்தி அதே வெப்பத்தில் ஓட்டியபொழுது குறைவு 4 வீதம் மாத்திரமே. 2024 ஆம் ஆண்டில் விற்பனையான புதிய கார்களில் 89 வீதமளவு மின்சாரக் கார்களாகவே இருந்த நோர்வே நாட்டில், மாரிகாலத்தில் எந்தக் கார் எவ்வளவு ஓடுகின்றது என்பதை அங்குள்ள மோட்டார் சங்கத்தினர் மலைப்பாதைகளில் ஓட்டிப் பார்த்தே மக்களுக்கு அறிவிக்கின்றனர். நமக்கு அந்தப் பனிக் கஷ்டம் இல்லை. ஆனால் வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் 35 பாகை வெயில் புதியதன்று. மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். குளிரூட்டி தூரத்துக்கேற்பச் செலவு செய்வதில்லை, நேரத்துக்கேற்பவே செய்கின்றது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்பவருக்கு ஒரு மணி நேரக் குளிரூட்டிச் செலவு 60 கிலோமீற்றரிற் பரவுகின்றது. கொழும்பு நெரிசலில் மணிக்கு 15 கிலோமீற்றர் ஊர்ந்து செல்பவருக்கு அதே செலவு 15 கிலோமீற்றருக்குள் அடங்கிவிடுகின்றது.

மூன்றாவது, மலை. இதனைக் கணக்கிட்டே பார்க்கலாம். கடல் மட்டத்திலிருந்து நுவரெலியா நகரம் ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஆட்களோடு சேர்த்து 2,000 கிலோகிராம் நிறையுள்ள காரை அந்த உயரத்துக்குத் தூக்குவதற்கு மாத்திரம் 10 அலகு மின்சாரம் வேண்டும். முன்னோக்கி ஓடுவதற்கான செலவு இதற்கு மேலதிகமானது. 60 அலகுப் பற்றரிக்கு 10 அலகு ஆறில் ஒரு பங்கு. 24 அலகுப் பற்றரியுள்ள சிறிய காருக்கு, நிறை குறைவாயினும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். ஆய்வுகூட உருளைக்கு மேடு பள்ளம் இல்லை. ஆதலால் விற்பனைத் தாளில் மலையின் செலவு சேர்வதில்லை. ஆனால் ஓர் ஆறுதலும் உண்டு. இறங்கும்பொழுது மோட்டாரே மின் பிறப்பாக்கியாக மாறி, ஏறுவதற்குச் செலவான சக்தியிற் பாதிக்கு மேல் பற்றரிக்குத் திருப்பித் தந்துவிடும். எனவே மலைநாட்டில் தங்கியவர்கள் கீழே இறங்குமுன் பற்றரியை முற்றாக நிரப்பிவிடக் கூடாது. நிறைந்த குடத்தில் மழை பெய்தாலும் நீர் கொள்ளாது.

நான்காவது, வயது. பற்றரி ஆண்டுக்கு ஆண்டு சிறிது சிறிதாகத் தன் கொள்ளளவை இழக்கின்றது. வெப்பம் அதனை விரைவுபடுத்தும். 2012 ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்காவின் அரிசோனாப் பாலைநிலத்தில் லீப் கார் வைத்திருந்தவர்கள் சிலர், எதிர்பார்த்ததை விட விரைவிற் கொள்ளளவு குறைவதைக் கண்டு முறையிட்டனர். அக்காரின் பற்றரியைக் குளிர்விப்பதற்குத் திரவ ஏற்பாடு இருக்கவில்லை. அவ்வாண்டின் இறுதியில் அந்த நிறுவனம் கொள்ளளவுக்கும் உத்தரவாதம் கொடுக்க முன்வந்தது. அந்தக் காரின் முகப்பில் பற்றரியின் ஆரோக்கியத்தைக் காட்டும் 12 கோடுகள் உண்டு. முதற் கோடு மறையும்பொழுதே ஏறக்குறைய 15 வீதம் போய்விட்டதென்பது பொருள். 9 கோடுகளுக்குக் கீழே இறங்கினால், 5 ஆண்டுக்குள் அல்லது 60,000 மைலுக்குள் திருத்தித் தருவதென்பதே அந்த உத்தரவாதம். இப்பொழுது வரும் கார்கள் பலவற்றிற் பற்றரியைக் குளிர்விக்கும் ஏற்பாடு உண்டு. உத்தரவாதமும் பெரும்பாலும் நீண்டது. ஆனாலும் பாவித்த மின்சாரக் காரை வாங்குபவர், அது புதிதாயிருந்த காலத்தில் எவ்வளவு ஓடிற்று என்று கேட்பதிற் பயனில்லை. பற்றரியின் இன்றைய ஆரோக்கியம் நூற்றுக்கு எத்தனை வீதம் என்பதைக் கருவி கொண்டு பரிசோதித்து எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். நிறமும் இருக்கையும் எவ்வளவு புதியனவாக இருந்தாலும் அது இரண்டாம் பட்சமே.

இங்கே காரின் முகப்பிலே தோன்றும் எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். "இன்னும் 130 கிலோமீற்றர் ஓடலாம்" என்று அது காட்டும்பொழுது, வரப்போகும் வீதியை அறிந்து சொல்வதாக நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலான கார்களில் அது கடந்த சில தினங்களில் நாம் ஓட்டிய முறையை வைத்துக்கொண்டு செய்யும் ஊகமேயாகும். எனது நண்பர் இரண்டு மாதமாகச் சமதரையில், மெதுவாக, தனியொருவராக ஓட்டினார். கார் அந்தப் பழக்கத்தை நம்பி ஊகித்தது. ஐந்து பேரும் குளிரூட்டியும் கடுகண்ணாவையும் அந்த ஊகத்தில் இருக்கவில்லை. நூற்றுக்கு எத்தனை வீதம் மின்சாரம் மீதமுண்டு என்று காட்டும் எண்ணே நம்பத்தக்கது. நீண்ட பிரயாணத்தில் அதையே நோக்குதல் நன்று.

அப்படியானால் புதிய கார் ஒன்றிடம் எவ்வளவு தூரத்தை எதிர்பார்க்கலாம்? நான் கைக்கொள்ளும் எளிய கணக்கு ஒன்றைச் சொல்லுகின்றேன். விற்பனைத் தாளிலுள்ள எண் புதிய ஐரோப்பிய முறைப்படி கிடைத்ததாயின் அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். பழைய ஐரோப்பிய முறையோ சீன முறையோ ஆயின் மூன்றில் ஒரு பங்கைக் கழியுங்கள். 420 இல் ஐந்தில் ஒன்றைக் கழித்தால் 336. 480 இல் மூன்றில் ஒன்றைக் கழித்தால் 320. இரு வழியாலும் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வருகின்றோம் அல்லவா? அதன் பின்னர் நூற்றுக்கு 15 வீதத்தை ஆபத்துக்கென்று தொடாமல் ஒதுக்கி வையுங்கள். மீதமாகும் 285 கிலோமீற்றர் அளவே நீண்ட வழியில் நம்பிப் புறப்படக்கூடிய தூரம். மலைநாட்டுப் பிரயாணமாயின் இதிலும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கணக்கோடு கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போவதாக வைத்துக்கொள்வோம். முழுத் தூரம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். விற்பனைத் தாளிலுள்ள 420 ஐ நம்பிப் புறப்படுபவர் வன்னிக் காட்டுப் பாதையில் மனம் பதறியபடி செல்ல நேரும். 285 என்று அறிந்தவரோ, 255 கிலோமீற்றர் அளவிலுள்ள வவுனியாவில் நிற்பதென்று முன்கூட்டியே தீர்மானித்திருப்பார். அதிவேக மின்னேற்றியிற் பற்றரியை 80 வீதம் வரை நிரப்புவதற்கு முக்கால் மணி நேரமளவு செல்லும். அதற்கு மேல் மின்னேற்றம் மிகவும் மெதுவாகிவிடுமாதலால் 100 வீதத்துக்காகக் காத்திருத்தல் வீண். 80 வீதத்தோடு புறப்பட்டால் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்த பின்னும் மிச்சமிருக்கும். மின்னேற்றும் இடம் திறந்திருக்கின்றதா, கருவி வேலை செய்கின்றதா, நமது காரின் செருகிக்குப் பொருந்துமா என்பவற்றைப் புறப்படுமுன் தொலைபேசியிற் கேட்டறிந்துகொள்ளுதல் அவசியம். பொருந்தாத செருகியும் பழுதடைந்த கருவியும் வெறும் சுவருக்குச் சமானம்.

இவ்வளவும் சொன்னதனால், மின்சாரக் காரே வேண்டாம் என்று நான் கூறுவதாக நேயர்கள் கருதிவிடலாகாது. நமது பிரயாணங்களிற் பெரும்பாலானவை நீண்டவை அல்ல. நாளொன்றுக்கு 40 கிலோமீற்றர் ஓடும் குடும்பத்துக்கு 6 அல்லது 7 அலகு மின்சாரம் போதும். வீட்டிலுள்ள சாதாரண மின்துளையில் மூன்று மணி நேரத்தில் அதனை ஏற்றிவிடலாம். கூரையிலே சூரிய மின்தகடு பொருத்தியவருக்கு நண்பகல் வெயிலே போதுமானது. அப்படிப்பட்ட குடும்பத்துக்கு ஏட்டில் 300 கிலோமீற்றர் ஓடும் காரே தாராளம். ஆண்டுக்கு இரண்டு முறை யாழ்ப்பாணம் போவதை நினைத்து, மற்ற 360 நாளும் சும்மா சுமந்து திரியும் பெரிய பற்றரிக்குக் கடன்பட வேண்டியதில்லை. அந்த இரண்டு பிரயாணத்துக்கும் புகையிரதம் இருக்கின்றது. அதற்கு மாறாக, வாரந்தோறும் மலைநாட்டுக்கும் வடக்குக்கும் தொழில் நிமித்தம் போகின்றவர் மலிவைக் கண்டு சிறிய பற்றரியை வாங்கினால், மாவனெல்லைத் தேநீர்க் கடை அவருக்கு இரண்டாவது வீடாகிவிடும். 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதம் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 ஆம் ஆண்டு பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டதிலிருந்து, புதிய மின்சாரக் கார்கள் பல வகையாக வந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஓர் எண்ணைத் தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டு வருகின்றது. கடைக்குப் போகுமுன் ஒரு மாதத்துக்கு நமது பிரயாணங்களைக் கொப்பியில் எழுதிவைத்து, நமக்கு வேண்டிய எண் எதுவென்று தெரிந்துகொண்டு போவோமாயின், அந்த எண்கள் நம்மை மயக்க மாட்டா.

முன்னாளில் வண்டில் மாடு வாங்கப் போனவரிடம், "இது எத்தனை கட்டை நடக்கும்?" என்று யாராவது கேட்டிருந்தால், அவர் உடனே ஓர் எண்ணைச் சொல்லியிருக்க மாட்டார். "என்ன பாரம்? மணலா, கல் ரோட்டா? வெயிலா, இரவா? மாட்டுக்கு என்ன வயது?" என்று திருப்பிக் கேட்டிருப்பார். வேகம், வெப்பம், மலை, வயது என்று நாம் இதுவரை பேசியவையும் பெரும்பாலும் அவர் கேட்டவையே.

எனது நண்பர் அந்தக் காரை விற்றுவிடவில்லை. இன்றும் அதிலேயே பாடசாலைக்குப் போய் வருகின்றார். மாதாந்தம் பெற்றோலுக்குப் போன பணம் மிஞ்சியதனால், ஈட்டிலிருந்த நகைகளை மீட்டு மனைவியிடம் கொடுத்துவிட்டார். சென்ற வருடம் கண்டியிலே அதே வீட்டில் மற்றொரு திருமணம் நடந்தது. இம்முறை அவர் முதல் நாட் பிற்பகலே புறப்பட்டு, முன்கூட்டிப் பேசிவைத்தபடி மாவனெல்லைக் கடையிற் காரை மின்னேற்ற விட்டு, மூன்று மணி நேரம் பெரியவரோடு உரையாடியிருந்துவிட்டு, இரவு உணவுக்குக் கண்டியை அடைந்தார். மறுநாட் காலையில் தாலி கட்டும்பொழுது மணவறைக்கு அருகே அட்சதையோடு நின்றாராம். கார் அதே கார். அதன் பற்றரிக்கு வயதும் கூடியிருந்தது. அது எவ்வளவு ஓடும் என்பதை மாத்திரம் அவர் இப்பொழுது அறிந்திருந்தார்.